நீலகிரிக்கு எப்போது வரலாம்? பருவங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் வசிப்பவன் என்பதால், சமவெளியில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் மலைக்குப் புறப்படும் முன் என்னிடம் தொலைபேசியில் சந்தேகம் கேட்பது வழக்கம். ஊர் வேறு, குடும்பம் வேறு என்றாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஊட்டிக்கு வர்றதுக்கு எந்த மாசம் நல்ல மாசம்?

எதைக் காண வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்தால் மாதம் தானாக அமைந்துவிடும். பூக்களும் விழாக்களும் வேண்டுமென்றால் ஏப்ரல், மே. மேகமும் பசுமையும் நிறைந்து வழியும் அருவிகளும் வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தெளிந்த வானம், மலை விளிம்பில் நின்று பார்க்கும்போது வெகு தொலைவு வரை விரியும் சமவெளி, விடியற்காலை உறைபனி ஆகியவை வேண்டுமென்றால் டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை. அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக்குரியவை; அந்த மாதங்களில் வருபவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் மனநிலையோடு வர வேண்டும்.

முதன்முறையாக வருபவர்களுக்கு மே மாதத்தை நான் பரிந்துரைப்பதில்லை. மலையைப் பார்க்க வந்தவர்கள் அந்த மாதத்தில் முன்னால் நிற்கும் வாகனத்தையே அதிகம் பார்க்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த ஜனவரிப் பிற்பாதியோ, செப்டம்பர் மாதத்தின் வார நாட்களோ அவர்களுக்கு ஏற்றவை.

2. ‘சீசன்’னு எதைச் சொல்றீங்க? ரெண்டாவது சீசன்னு வேற ஒண்ணு இருக்காமே?

உள்ளூரில் சீசன் என்றால் ஏப்ரல், மே மாதங்கள். பள்ளி விடுமுறையும் சமவெளி வெயிலும் சேர்ந்து உருவாக்கிய காலம் அது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி என்று கோடை விழா அடுத்தடுத்து நடப்பது இந்த வாரங்களில்தான்.

இரண்டாம் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பரும் அக்டோபர் முற்பாதியும். ஓணம் விடுமுறைக்குக் கேரளத்திலிருந்தும், தசரா விடுமுறைக்குக் கர்நாடகத்திலிருந்தும் பயணிகள் வருவார்கள். அவர்களுக்காகப் பூங்காக்களில் மீண்டும் நாற்று நட்டு மலர்த்தொட்டிகள் அடுக்கப்படும். அந்த விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிட்டால், செடிகள் பூத்திருக்கும், காடு பசுமையாக இருக்கும், கூட்டம் மட்டும் இருக்காது.

3. மே மாசத்துக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?

மெல்லியது ஒன்று போதும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக ஆறு அல்லது ஆறரை டிகிரி குறையும். அதனால் மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள் உதகையில் 22, 23 டிகிரியில் இறங்குவார்கள். இரவில் அது 11, 12 டிகிரிக்கு வந்துவிடும். மதிய வெயிலில் நிற்பவர்கள் தொப்பி அணிவது நல்லது. உயரமான இடத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் தோலைக் கடுமையாகத் தாக்கும். இந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை இயல்பானது என்பதால் குடையும் தேவை.

4. ஜனவரியிலதான் குளிர் அதிகம்னு சொன்னாங்க. நாங்க ஜூலையில வந்து நடுங்கிட்டோம். எப்படி?

நீங்கள் உணர்ந்தது உண்மை. உதகையில் ஜனவரிப் பகல் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூலைப் பகலோ 16, 17 டிகிரியைத் தாண்டாத நாட்கள் பல. ஜூலையில் சூரியனை மேகம் நாள் முழுதும் மறைத்திருக்க, ஈரக்காற்று ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். இரவிலும் அதே மேகம் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதால், பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாறு டிகிரி மட்டுமே. ஜனவரியில் இதற்கு நேர்மாறாக வானம் திறந்திருக்கும். பகலில் இதமான வெயில், சூரியன் மறைந்ததும் சட்டென்று இறங்கும் குளிர், விடியலில் ஐந்து டிகிரிக்கும் கீழே.

ஆகவே இரண்டு பருவத்துக்கும் ஒரே உடை சரிவராது. ஜனவரியில் பகலுக்குச் சாதாரண உடையும் காலை, இரவு வேளைகளுக்குக் கனமான கம்பளியும் குல்லாவும் வேண்டும். ஜூலையில் நீர் புகாத மேலாடையும், ஈரமானால் மாற்றிக்கொள்ளக் கூடுதல் துணிகளும் காலுறைகளும் வேண்டும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ஜூலையில் வருபவர்களில் பலர் கனமான கம்பளியை மட்டும் கொண்டுவந்து, அது நனைந்த பின் தவிக்கிறார்கள்.

5. ஊட்டியில ஸ்னோ விழுமா? குல்மார்க் மாதிரி பனிச்சறுக்கு விளையாடலாமா?

விழாது, விளையாடவும் முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் உயரம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். காஷ்மீரத்துக் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் குல்மார்க் இருப்பது 34 டிகிரி வட அட்சரேகையில், நாம் இருப்பது 11 டிகிரியில். அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் ஈரத்தைக் கொண்டுவரும்போது காற்று முழுவதுமே உறைநிலைக்குக் கீழே இருப்பதால் அது பனியாகப் பொழிகிறது. நீலகிரியில் குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதில்லை. தரை உறையும் இரவுகளெல்லாம் மேகமே இல்லாத வறண்ட இரவுகள். மேகம் வந்துவிட்டால் குளிர் குறைந்துவிடுகிறது. தாழ்வான புல்வெளிகள் வெண்மையாக இருப்பதாக வரும் படங்கள் உறைபனியைக் காட்டுபவை; ஏப்ரல், மே மாதப் படங்களாக இருந்தால் ஆலங்கட்டி மழைக்குப் பின் எடுத்தவையாக இருக்கும்.

பனிச்சறுக்குதான் நோக்கம் என்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் அவுலிக்கோ செல்வதே சரி. அந்த ஊர்களும் பருவத்துக்குப் பருவம் அடியோடு மாறுபவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சறுக்குச் சரிவாக இருக்கும் அதே குல்மார்க், கோடையில் காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளி. கம்பிவட ஊர்தியில் அஃபர்வத் மலைக்கு ஏறுவது மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. ஆனால் குளிர்கால வரும்படி முழுவதும் பனியை நம்பியிருப்பதால், 2024 ஜனவரியில் வாரக்கணக்கில் பனி பொழியாமல் போனபோது சறுக்க வந்தவர்கள் வெறும் பழுப்புப் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. நீலகிரியில் அப்படி ஒரு பொருள் இல்லாமல் போனால் பருவமே வீணாகிவிடும் நிலை இல்லை. அந்தந்த மாதத்தில் இருப்பதைப் பார்க்க வந்தவருக்கு எதுவும் குறையாது.

6. அப்போ உறைபனியை எங்கே, எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். உறைபனி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வலுத்து, பிப்ரவரி வரை நீடிக்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தயத் திடல், அவலாஞ்சி ஆகிய இடங்களில் நன்றாகப் படியும். இவையெல்லாம் பள்ளமான இடங்கள் என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது இரவில் சரிவுகளில் வழிந்து தாழ்வான புல்வெளிகளில் தேங்குகிறது. அதனால் உறைபனி பார்க்கத் தொட்டபெட்டா உச்சிக்குப் போவதைவிடத் தலைகுந்தாப் பள்ளத்தில் நிற்பதே பலன் தரும். சூரியன் எழும் முன் அங்கே இருக்க வேண்டும். வெயில் பட்ட சிறிது நேரத்தில் எல்லாம் உருகிவிடும். முந்தைய நாள் மாலை வானம் தெளிவாக இருந்து காற்றும் அடங்கியிருந்தால் வாய்ப்பு அதிகம். வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகி மேகம் வந்துவிட்டால் அன்று எழுந்து போக வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். பார்க்க அழகாக இருக்கும் இந்த உறைபனி தேயிலைக் கொழுந்தையும் காய்கறிப் பயிர்களையும் கருக்கிவிடும். விவசாயிகள் மிலார் போன்ற புதர்க்கிளைகளால் செடிகளை மூடியும், விடியலில் நீர் தெளித்தும் காப்பாற்றப் போராடுகிறார்கள். படம் எடுப்பதற்காகத் தோட்டத்துக்குள் இறங்குவதும், மூடியதை விலக்கிப் பார்ப்பதும் அவர்களுக்கு உண்மையான இழப்பைத் தருகின்றன. சாலையோரத்தில் நின்று பாருங்கள்.

7. ஜூன் மாசம் மழைன்னா மாவட்டம் பூரா மழையா?

இல்லை. நீலகிரியைப் புரிந்துகொள்ள இதுதான் மிக முக்கியமான செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தென்மேற்குக் காற்று அரபிக்கடலிலிருந்து வந்து முதலில் மோதுவது மேற்குச் சரிவில். கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. அதே வாரங்களில் தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் சாரல் மட்டும் விழும். சில நாட்களில் அதுவும் இருக்காது. இடையில் இருக்கும் உதகைக்கு நடுத்தரமான மழை. முதுமலையின் கிழக்கே இருக்கும் மசினகுடி மழைமறைவுப் பகுதி.

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழாகும். வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று கிழக்குச் சரிவில் மோதுவதால் குன்னூர், கோத்தகிரி, கீழ்கோத்தகிரி, பர்லியார் பகுதிகள் நனையும். கூடலூர் பக்கம் ஓரளவு ஓய்வு பெறும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

எனவே “நீலகிரியில் மழை” என்ற செய்தியைக் கேட்டதும் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம், அலட்சியமாகப் புறப்படவும் வேண்டாம். எந்த வட்டத்தில் மழை என்று கேளுங்கள். ஜூலையில் கோத்தகிரியில் தங்கியும், நவம்பரில் கூடலூர் பக்கம் தங்கியும் நல்ல நாட்களைப் பெற்றவர்கள் உண்டு.

8. மழைக்காலத்துல குடும்பத்தோட வரலாமா? பயமா இருக்கே.

சாதாரண மழையில் தாராளமாக வரலாம். சிவப்பு எச்சரிக்கை விடப்பட்ட நாட்களில் வரக் கூடாது. அந்த நாட்களில் அவலாஞ்சி, பைன் காடு போன்ற இடங்களை மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் மூடிவிடும். ஈரம் ஊறிய மண்ணில் பலத்த காற்று வீசும்போது கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) வேரோடு சாய்கின்றன. மூடிய இடத்துக்கு வேறு வழியாக நுழைவதையும், மரத்தடியில் வாகனத்தை நிறுத்துவதையும் தவிர்த்தாலே ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும். விடுதி எடுக்கும்போது மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் காட்சிமுனைகளை நம்பிப் பயணம் அமைக்காதீர்கள். தொட்டபெட்டாவிலும் டால்பின் நோஸிலும் வெள்ளை மேகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத நாட்கள் அதிகம். தேயிலைத் தொழிற்சாலை, அருங்காட்சியகம், சோலைக்காட்டை ஒட்டிய நடை, சூடான வர்க்கியும் தேநீரும் என்று மெதுவான நாட்களாக வைத்துக்கொண்டால் மழை இடையூறாகத் தோன்றாது.

9. மலை ரயில்ல போகணும்னுதான் வர்றோம். எப்ப வந்தா நிச்சயமா ஓடும்?

ஜனவரி முதல் மே வரை வந்தால் தடை குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சக்கரப் பட்டையைப் பற்றிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறது. அங்கே பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஓர் அடி வீதம் ஏற்றம் இருக்கிறது. இந்தப் பகுதி முழுவதும் 7-ஆம் பதிலில் சொன்ன கிழக்குச் சரிவில் அமைந்திருப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் விழுந்து சேவை பல நாட்கள் ரத்தாகும். தென்மேற்குப் பருவத்தில் ரத்தாகும் வாய்ப்பு அதைவிடக் குறைவு.

மேட்டுப்பாளையம் ரயில் ரத்தானாலும் குன்னூர்–உதகை இடையே பெரும்பாலும் வண்டிகள் ஓடும். அது டீசல் இன்ஜின் இழுக்கும் பகுதி. நீராவி இன்ஜின் அனுபவம் கிடைக்காது என்றாலும் லவ்டேல், கேத்திப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் அந்தப் பயணமும் அழகானதே. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். மே மாத இருக்கைகள் மிக விரைவில் தீர்ந்துவிடும், ஜனவரி வார நாட்களில் அந்த நெருக்கடி குறைவு.

10. மலர்க் கண்காட்சி அன்னைக்கு வரணுமா, முன்னாடியே வரலாமா?

1848-இல் உருவாக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் நடக்கும் இந்தக் கண்காட்சி 2023-இல் 125-ஆவது முறையாக நடைபெற்றது. பெரிய மலர் வடிவங்களைப் பார்க்க வேண்டுமானால் கண்காட்சி நாட்களில்தான் வர வேண்டும். ஆனால் பல மாதங்களுக்கு முன்பே நாற்று விட்டு வளர்த்த செடிகள் அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் பூத்தே இருக்கும். செடிகளை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் கண்காட்சிக்கு முந்தைய வாரத்தின் வார நாட்களில், பூங்கா திறந்தவுடன் உள்ளே செல்லட்டும். டிசம்பர், ஜனவரியில் பூங்காவில் பூக்களை எதிர்பார்க்க வேண்டாம். ரோஜாச் செடிகள் கவாத்து செய்யப்பட்டிருக்கும், மற்றவை பனிக்கு மூடப்பட்டிருக்கும். அந்தக் காலத்தில் பெரிய மரங்களையும் கண்ணாடி மாளிகையையும் பார்க்கப் போகலாம்.

11. அருவியெல்லாம் எப்ப நல்லா இருக்கும்?

பைக்காரா அருவிக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. குன்னூர் சாலையில் இருக்கும் லாஸ் அருவிக்கும் கோத்தகிரி பக்கத்துக் கேத்தரின் அருவிக்கும் நவம்பர், டிசம்பர். காரணம் 7-ஆம் பதிலில் இருக்கிறது. மே மாதத்தில் பைக்காராவில் பாறைகளையே அதிகம் பார்ப்பீர்கள்.

12. முதுமலையில மிருகம் பார்க்கக் கோடைக்காலம்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?

பார்ப்பது எளிது என்பது உண்மை. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர்க் காடு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலைகள் உதிர்ந்து காட்டுக்குள் வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும். குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் மாயாற்றங்கரைக்கு வரும். ஆனால் அது காட்டுத்தீக் காலமும்கூட. வறட்சி கடுமையானால் வாகனச் சவாரியை நிறுத்திவிடுவார்கள். அணைக்காத பீடித் துண்டு ஒன்று பல ஏக்கரை அழிக்கும். ஜூன் மழைக்குப் பின் காடு அடர்ந்துவிடும். எனினும் புல் முளைத்த திறந்தவெளிகளில் புள்ளிமான் கூட்டங்களையும் யானைகளையும் காணலாம். என் மனம் மழைக்குப் பிந்தைய முதுமலையையே நாடும். பசியும் தாகமும் இல்லாத விலங்குகளைப் பார்ப்பது வேறு அனுபவம். தெப்பக்காடு யானைகள் முகாம் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு என்பதால் மைசூரு வழியாக வருபவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

13. என்னென்ன பழம் எப்ப கிடைக்கும்?

பிளம்ஸும் பீச்சும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. பேரிக்காய் அதற்குப் பின். பர்லியார், கல்லாறு பகுதியில் மங்குஸ்தானும் துரியனும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மலையின் அடிவாரத்து வெப்பமும் ஈரமும் வேண்டிய பழங்கள் அவை, உதகையில் விளையாது.

14. இ-பாஸ் இல்லாம வரலாமா? ஒருவழிப் பாதைன்னு வேற சொல்றாங்க.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் மலை ரயிலில் வருபவர்களுக்கும் அது தேவையில்லை. விதிகள் திருத்தப்படுவதால் புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். உச்சவரம்பை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். மே மாத வார இறுதிகளில் ஆம்புலன்சுக்கு வழிவிட இடமில்லாத சாலைகளில் உள்ளூர் நோயாளிகள் படும் பாடு பயணிகளின் கண்ணில் படுவதில்லை.

சீசன் நாட்களில் பொதுவாக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். குன்னூரில் தங்குபவர்கள் திரும்பும்போது இதனால் கூடுதல் நேரம் ஆகும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வாகனங்களுக்கு எந்தப் பருவத்திலும் அனுமதி இல்லை; 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

15. நானே கார் ஓட்டிட்டு வர்றேன். எந்தப் பருவத்துல எதுக்குக் கவனமா இருக்கணும்?

எல்லாப் பருவத்துக்கும் பொதுவானது ஒன்று: இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வாகனத்துக்கு வழி கொடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் நவம்பரிலும் மூடுபனி எதிரே வரும் வாகனத்தையே மறைக்கும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து மெதுவாகச் செல்ல வேண்டும், உயர்த்தினால் ஒளி மேகத்தில் பட்டு உங்கள் கண்ணையே கூசச்செய்யும். மழை நாட்களில் இரவில் மலைப்பாதையில் ஓட்டாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் பலாப்பழம் பழுக்கும்போது பர்லியார் பகுதிச் சாலையில் யானைகள் நடமாடும். அவற்றைக் கண்டால் தொலைவில் நிறுத்திக் காத்திருங்கள். இறங்கிப் படம் எடுக்க முயல்வது உங்களுக்கும் யானைக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

16. கைக்குழந்தை இருக்கு, அப்பாவுக்கு ஆஸ்துமா. எப்ப வர்றது?

உதகையின் உயரத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு உயரநோய் பொதுவாக வருவதில்லை. வழியில் வரும் வாந்தி வளைவுகளால் ஏற்படுவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஜனவரியின் வறண்ட குளிரும் ஜூலையின் ஈரமும் இரண்டுமே தொல்லை தரலாம். மார்ச், ஏப்ரல் அல்லது செப்டம்பரில், உதகையைவிடச் சற்றுத் தாழ்வான குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குவது அவர்களுக்கு இதமாக இருக்கும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். மலையூர்களில் இப்படி உயிரிழந்த சுற்றுலாப் பயணிகள் உண்டு. கூடுதல் கம்பளி கேளுங்கள், மின்சார ஹீட்டர் கேளுங்கள்.

17. கொடைக்கானலுக்கும் இதே கணக்குதானா?

பாதி அளவுக்குத்தான். கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளை என்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் அங்கே குறைந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் உதகையின் மேற்குப் பகுதிகளைவிடக் கொடைக்கானல் எளிதாக இருக்கும். அக்டோபர், நவம்பரில்தான் அங்கே பலத்த மழை. மே மாதக் கூட்டமும் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும் ஜனவரி உறைபனியும் இரண்டுக்கும் பொது.

18. குறிஞ்சிப் பூ பார்க்க எந்த மாசம் வரணும்?

மாதத்தைக் கேட்பதற்கு முன் ஆண்டைக் கேட்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல், மூணாறு பகுதிகளில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம். குறிஞ்சியில் வேறு பல இனங்களும் உண்டு. அவற்றின் சுழற்சி வேறுபடுவதால் இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஏதேனும் ஒரு சரிவில் குறிஞ்சி பூத்ததாகச் செய்தி வரும். அது பொய்யன்று, இனம்தான் வேறு. பறிக்காமல் பாருங்கள். பூத்து விதை விழுந்த பிறகு செடி காய்ந்துவிடும். பறித்த பூவோடு அடுத்த தலைமுறைச் செடிக்கான விதையும் போகிறது.

19. காலநிலையே மாறிடுச்சு. இந்தப் பருவக் கணக்கையெல்லாம் இன்னும் நம்பலாமா?

பருவங்களின் வரிசையை நம்பலாம்; தேதிகளை நம்ப முடியாது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. 3-ஆம் பதிலில் சொன்ன 22, 23 டிகிரிக்கு வெகு மேலே. 2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கிவிட, கோடை விழாக் காலத்திலேயே நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டுச் சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. மே மாதம் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணி வந்தவர்கள் விடுதி அறைக்குள் இருக்க நேர்ந்தது.

ஆகவே மாதத்தை மேற்கண்ட பதில்களைக் கொண்டு தேர்ந்தெடுங்கள்; புறப்படும் தேதியை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பயணத்துக்கு ஒரு நாள் முன்வரை ரத்து செய்ய இடம் தரும் விடுதியாகப் பாருங்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்கள், சாலை அடைபட்டால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி விடுப்பு எடுத்துக்கொண்டு வருவது நல்லது.